உஷார்! பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

திட்டக்குடியில் கடை வைத்திருக்கும் என் அண்ணிக்குப் போன கார்த்திகைக்கு முன்னால் நடந்தது இது. "எழுது, இன்னொருத்தி ஏமாறக் கூடாது" என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையிலிருந்து பீங்கான் அகல், பொம்மை, ஜாடி எடுத்து வந்து விற்கிறார். சில வருடமாகவே வியாபாரத்தில் பாதி வாட்ஸ்அப்பில்தான். காலையில் பெட்டி பிரித்ததும் அகலை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார். பெண்ணாடம், தொழுதூர், வேப்பூர் பக்கமிருந்தெல்லாம் "அக்கா, இது எவ்வளவு?" என்று கேட்டு வரும். ஃபேஸ்புக்கிலும் கடைப் பெயர், போன் நம்பர், சரக்குப் படம் எல்லாம் உண்டு. கடை தேடி வராத ஊர்க்காரர்களை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது இந்த போன்தான். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குப் புது நம்பர். முகப்புப் படத்தில் ராணுவச் சீருடை. அரைகுறைத் தமிழும் இந்தியும் கலந்த பேச்சு. முகாமில் விழா, 2,000 அகல் வேண்டும், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றது குரல். விலையில் ஒரு ரூபாய் பேரம் இல்லை. அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் பத்து அகல் வாங்குகிறவர்கூட இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லாமல் போவதில்லை. அடையாள அட்டைப் படம் வந்தது, கேன்டீன் கார்டு படம் வந்தது. பிறகு பணப் பேச்சு.

"ராணுவக் கணக்குல இப்படித்தான் மேடம். முதல்ல நீங்க பத்து ரூபா அனுப்புங்க, இருபதா திரும்பி வரும்."

அனுப்பினார். உடனே இருபது வந்தது. அந்தப் பத்து ரூபாய் லாபம்தான் தூண்டில் புழு. அடுத்து ஒரு கியூஆர் படம். "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, மொத்தப் பணமும் ஏறிடும்." போட்டார். 18,000 ரூபாய் போய்விட்டது. "சர்வர் பிரச்சினை, இன்னொரு தடவை போடுங்க" என்று கேட்டபோதுதான் கை நடுங்கி நின்றிருக்கிறது.

இதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது அதற்குப் பிறகு நடந்ததுதான். இரண்டு நாள் அண்ணி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அண்ணன் திட்டுவாரோ, ஊரில் சிரிப்பார்களோ என்ற பயம். கடை திறப்பதிலிருந்து பேத்தி பிறந்த நாள் வரை ஸ்டேட்டஸில் முந்நூறு பேருக்குச் சொல்கிறவர், இதைப் பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷனிடம் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளில் பணம் எங்கெங்கோ போய்விட்டது. இந்தக் கும்பல் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை; வாடகைக்குப் பிடித்த கணக்குகள் வழியாகத் தாண்டித் தாண்டி ஓட விடுகிறது. பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டால், வழியில் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கேயே முடக்க வாய்ப்பு உண்டு. மூன்றாம் நாள் கூப்பிட்டால் புகார் பதிவாகும், பணம் வருவது கஷ்டம்.

ஒன்றை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உங்கள் கணக்குக்குப் பணம் வர யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் போகும், அவ்வளவுதான். தனி ஆள் இன்னொரு தனி ஆளிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ 2025 அக்டோபரில் நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் கியூஆர் படம் அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லும் வழி அப்படியேதான் திறந்து கிடக்கிறது.

வாங்குகிறவர்களுக்கும் இதே கதிதான். பட்டாசை ஆன்லைனில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே உத்தரவு போட்டுவிட்டது. அப்படியும் தீபாவளி நெருங்கினால் "சிவகாசி நேரடி விலை" என்று இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் விளம்பரம் வருகிறது, முன்பணம் கட்டியவர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள், சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கை விடுகிறது. விளம்பரம் என்றால் கம்பெனிக்காரன் பார்த்துத்தானே போட்டிருப்பான் என்று நம்பாதீர்கள். 2024-ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களிலும் தடை செய்த பொருள் விளம்பரங்களிலும் வரும் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவே உள்ளுக்குள் கணித்திருந்ததை, 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியே கொண்டுவந்தது. அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்றது மெட்டா. பாதியாகவே இருக்கட்டும். அதுவே எத்தனை வீட்டுக் காசு! இந்தியாவில் 2024-இல் மட்டும் சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லியிருக்கிறது.

விருத்தாசலத்தில் பீங்கான் ஜாடி வாங்குகிறவர் விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். கணீரென்றால் நல்ல ஜாடி, சத்தம் செத்திருந்தால் எங்கோ விரிசல். போன் திரையில் சுண்டிப் பார்க்க முடியாது. அதனால் ஆளைச் சுண்டுங்கள்: நேரில் வரச் சொல்லுங்கள், வந்த பிறகு பணம் தரச் சொல்லுங்கள். திருடன் அத்தோடு ஓடிவிடுவான்.

இப்போது விவசாயி வீடுகளைச் சுற்றும் ஆபத்து வேறு மாதிரி. அந்தக் காலத்தில் கல்யாணப் பத்திரிகை வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்தது. இன்று வாட்ஸ்அப்பில் வருவதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. அந்தப் பழக்கத்துக்குள்தான் திருடன் புகுந்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், பிஎம் கிசான் என்று பெயர் போட்டு, கடைசியில் "ஏபிகே" என்று முடியும் ஃபைல் வரும். பத்திரிகை என்றால் படமாக இருக்கும், இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக இருக்கும், "இன்ஸ்டால் செய்யவா?" என்று ஒருநாளும் கேட்காது. கேட்டால் அது செயலி. உள்ளே போனதும் உங்களுக்கு வரும் ஓடிபி-யைப் படிக்கும், உங்கள் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றி உங்கள் பெயரிலேயே மாமாவுக்கும் சம்பந்திக்கும் அதே ஃபைலை அனுப்பும். அனுப்பியது சொந்தக்காரர் நம்பர் என்பதால் மட்டும் திறந்துவிடாதீர்கள். போன் போட்டு, "நீங்கதானா அனுப்பினீங்க மாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பணம் மட்டும்தான் போகும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 மே மாதம், குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவிக் கிடந்தது. குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்த சென்னை மூதாட்டி ஒருவரை, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகக் கூட்டம் அடித்தே கொன்றது. நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகுதான், ஆளோ குழுவோ, ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் அந்த ஜூலையில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்த ஐந்தில் ஒன்று உங்கள் தெருக் குழுவாக இருந்தால் மறுபடியும் நூறு பேருக்குப் போய்விடும்.

இன்றைக்கு ராத்திரி அம்மா, அப்பா, கடைப்பையன் போனை வாங்குங்கள். 1930 என்ற எண்ணை "திருட்டு" என்று பெயர் போட்டுச் சேமியுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். ஏமாந்துபோனால் யாரும் திட்ட மாட்டோம், அந்த நிமிஷமே சொல்லுங்கள் என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். எங்கள் அண்ணியிடம் அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டோம்.