நூறு எங்கே, பன்னிரண்டு எங்கே?

"நூறு எம்பிபிஎஸ்னு சொன்னான், டவுன்லோடு பண்ணினா பன்னிரண்டுதான் காட்டுது, ஏமாத்திட்டான்" என்று விடுதியில் புலம்பாதவர் உண்டா? கொஞ்சம் பொறுங்கள். விளம்பரத்தில் வருவது மெகா பிட். டவுன்லோடு காட்டுவது மெகா பைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. கம்பெனிக்காரன் மேல் தப்பில்லை. (கணக்கு வாத்தியார் இதைப் படித்தால் சிரிப்பார்!)

ஆனால் 3, 4-தான் வருகிறதா? வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரில் நேரே கேபிள் மாட்டிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். அப்போதும் மந்தம்தான் என்றால் கம்பெனியிடம் புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாவிட்டால் நாளைக்கு, "நீங்க பேசவே இல்லையே சார்" என்பார்கள். பதில் சரியில்லையா, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது. 'டிராய்'க்கு எழுதிப் பயனில்லை, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை.

நுகர்வோர் கோர்ட்? 2009-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று டெலிபோன் வழக்குகளுக்கு அந்த வாசலை அடைத்தது. 2022-ல் அதே நீதிமன்றம் திறந்துவிட்டது. நீங்கள் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணமும் இல்லை.