பழைய காசு பற்றி எழுதப் போறீங்களா? விலைக்கு முன்னாடி ஊரைச் சொல்லுங்க!

‘இந்த 5 ரூபாய் நோட்டு உங்ககிட்ட இருக்கா? லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்!’ இப்படி ஒரு மெசேஜ் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் போட்டு, ‘கமிஷன் கட்டுங்க, வரி கட்டுங்க’ என்று பணம் பறிக்கும் கும்பல்கள் பற்றி 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது.

பழைய காசு என்றாலே நமக்கு வரும் முதல் கேள்வி, ‘எவ்வளவு தேறும்?’ என்பதுதான். ஆனால், நாணயச் சேகரிப்பாளர் சங்கங்களின் இதழ்களில் வரும் நல்ல கட்டுரைகள் வேறொரு கேள்வியில் தொடங்குகின்றன. ‘இது எங்கே கிடைத்தது?’

கொங்கு மண்டலத்தில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? சங்க இதழுக்கு முதல் கட்டுரை எழுதுபவர் எதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும்? பார்ப்போம்.

வெள்ளலூரில் ரோமானியக் காசு

கோவையை ஒட்டி, நொய்யல் கரையில் இருக்கும் ஊர் வெள்ளலூர். 1842-ல் இங்கே 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்கள் வெளியிட்ட ‘டினாரியஸ்’ காசுகள். அதே ஊரில் 1891-லும் 1931-லும் மறுபடியும் ரோமானியக் காசுகள் கிடைத்தன.

இதே வகைக் காசு ஐரோப்பாவிலும் நிறையக் கிடைக்கிறது. தனியாகப் பார்த்தால் அது இன்னொரு ரோமானியக் காசு, அவ்வளவுதான். ‘வெள்ளலூர்’ என்ற பெயர் சேரும்போதுதான், பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைத்த வணிகப் பாதைக்கு அது சாட்சி ஆகிறது. ஊர்ப் பெயர் தொலைந்தால் அந்தச் சாட்சியும் போச்சு.

ஒரு சேகரிப்பாளர் மாற்றிய வரலாறு

சங்ககாலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு வெளியிடவில்லை என்றுதான் ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். 1980-களில், தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்று பொறித்த பாண்டியர் செப்புக் காசைப் படித்து வெளியிட்டார் இரா. கிருஷ்ணமூர்த்தி. பத்திரிகை ஆசிரியரான அவர் ஒரு நாணயச் சேகரிப்பாளரும்கூட.

கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளும் அப்படித்தான். ‘மாக்கோதை’, ‘கொல்லிப்பொறை’ போன்ற பெயர்கள் அவற்றில் படிக்கப்பட்டன. உருக்கியிருந்தால் அவை சில கிராம் உலோகம். யாரோ ஒருவர் பார்த்து, படித்து, எழுதி வைத்ததால் இன்று வரலாறு.

கட்டுரையில் என்னவெல்லாம் இருக்கணும்?

* கிடைத்த இடம்: ‘கரூர்ல கிடைச்சது சார்’ என்று வியாபாரி சொன்னால், ‘கரூரில் கிடைத்ததாக விற்றவர் சொன்னார்’ என்று எழுதுங்கள். ‘கரூரில் கிடைத்தது’ என்று எழுதினால், நாளைக்கு இன்னொருவர் அதையே ஆதாரமாகக் காட்டுவார்.
* எடையும் அளவும்: நகைக்கடைத் தராசில் நிறுத்து, கிராமில் இரண்டு தசம இலக்கம் வரை குறியுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் சொல்லுங்கள். போலியைக் கண்டுபிடிக்க முதலில் உதவுவது எடைதான்.
* தலையும் பூவும்: இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக விவரியுங்கள். தலை நேராக இருக்கும்படி பிடித்து, புத்தகப் பக்கம் போலத் திருப்புங்கள். பூ பக்கத்தின் மேல்பகுதி கடிகாரத்தில் எந்த மணியைக் காட்டுகிறது? அதையும் குறியுங்கள்.
* எழுத்து: தெரிகிற எழுத்தை மட்டும் எழுதுங்கள். தேய்ந்துபோன இடத்தில் புள்ளி வையுங்கள். ஊகத்தைத் தனியாகச் சொல்லுங்கள்.
* ‘குறை’கள்: வெட்டு, துளை, முத்திரை எதையும் விடாதீர்கள். 1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மேல் உளி வெட்டு இருந்தது. காசாகப் புழங்காமல், வெறும் தங்கமாக மாற்ற வெட்டினார்களா? ஆய்வாளர்கள் இதை இன்னும் விவாதிக்கிறார்கள். ‘சேதமடைந்த காசு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த விவாதமே வந்திருக்காது.
* படம்: இரண்டு பக்கமும், பக்கவாட்டு வெளிச்சத்தில், அருகே ஒரு ஸ்கேல் வைத்து எடுங்கள்.

எழுதும் விதம் எப்படி?

‘மிக அரிய, விலைமதிப்பற்ற பொக்கிஷம்’ என்று தொடங்கினால் வாசகருக்கு எதுவும் தெரியாது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம் (இது ஒரு கற்பனை உதாரணம்): ‘செப்புக் காசு, சதுர வடிவம், எடை 2.41 கிராம். தலையில் யானை, வலம் நோக்கி நிற்கிறது. பூ பக்கம் தேய்ந்துள்ளது. வில்லாக இருக்கலாம். கரூர்க் காசு என்று சொல்லி விற்கப்பட்டது.’

இந்த நாலு வரியை வைத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவர் தன்னிடம் உள்ள காசை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். ‘அரிய’ என்ற சொல்லை வைத்து அது முடியாது. மாதிரி வேண்டுமென்றால், தென்னிந்திய நாணயவியல் சங்கத்தின் ‘ஸ்டடீஸ் இன் சவுத் இண்டியன் காயின்ஸ்’ தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

கூடவே கூடாது! பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி சரி. பழைய செப்புக் காசில் அது களிம்போடு சேர்த்து எழுத்தையும் அரித்துவிடும். அழுக்காக இருந்தாலும் அப்படியே படம் எடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தோட்டத்தில் குழி வெட்டும்போது பானையோடு காசு கிடைத்தால், அதை எழுதுவதற்கு முன் ஒரு கடமை இருக்கிறது. 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை எடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான காசுகள் 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இன்னொன்று, காசு யாரிடம் இருக்கிறது என்பதை அவர் சம்மதம் இல்லாமல் எழுதாதீர்கள். வீட்டு முகவரி வேண்டவே வேண்டாம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாட்டியின் சுருக்குப் பையிலோ அஞ்சறைப் பெட்டியிலோ ஓட்டைக் காலணா ஒன்று கிடக்கலாம். ரோமானியக் காசுதான் வேண்டும் என்றில்லை. அதை எடுத்து எடை போடுங்கள். யார் வைத்திருந்தது, எந்த ஊரில், எந்தச் சந்தையில் செலவழித்த மிச்சம் என்று பாட்டியிடமே கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். காசை எப்போது வேண்டுமானாலும் எடை போட்டுக்கொள்ளலாம். பாட்டியிடம் இப்போதே கேட்டுவிடுவது நல்லது.