கீழே கடை, மேலே வீடு

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் கிளைத் தெருக்களில் இன்றும் அஞ்சடியில் நடக்கலாம். கடைவீட்டின் மாடி முன்னே நீண்டு நிற்கும்; அதன் நிழலில் மழை படாத நடைபாதை. 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலிருந்து வந்தது அது. அன்று கீழே மளிகையோ துணியோ விற்பார்கள், மேலே குடும்பம். கடையைச் சாத்திப் படியேறினால் வீடு.

அந்த நெருக்கத்தை இனிமையாக மட்டும் நினைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1950-களின் நடுவில் சைனாடவுனின் அப்பர் நான்கின் ஸ்திரீட்டில் கடைவீடுகளை ஆராய்ந்தார் பாரிங்டன் கே. பலகையால் தடுத்த அறைகளில், பலவற்றில் ஜன்னல்கூட இல்லாமல், முழுக் குடும்பங்கள் முடங்கிக் கிடந்ததை அவர் ஆய்வு காட்டியது. மக்கள் அதிலிருந்து வெளியேறத் துடித்ததில் வியப்பில்லை.

1960-ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உருவானது. குவீன்ஸ்டவுன், தோ பாயோ என்று புதிய நகரங்கள் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் தனிக் குழாயும் கிடைத்தன. புளோக் அடியில் காப்பிக் கடை, பக்கத்தில் சந்தை, பள்ளி. ஆனால் அலுவலக வேலை மட்டும் நகர நடுவில் ஷென்டன் வே பக்கமே குவிந்தது. காலையில் தீவு முழுக்க ஒரே திசையில் பயணம். மாலையில் அதே கூட்டம் திரும்பி வரும்.

விரிந்து பரவ இடமுள்ள ஊராக இருந்தால் சாலையை அகலமாக்கிச் சமாளித்திருக்கலாம். இங்கே வீடுகள் பிடித்திருக்கும் நிலம் சுமார் 14 விழுக்காடு. சாலைகள் மட்டும் 12 விழுக்காடு. சாலையை இன்னும் அகட்டினால் அது வீட்டுக்கான மண்ணைத்தான் தின்னும். 1960-ல் 16 லட்சம் பேர் இருந்த ஊரில் இன்று 60 லட்சம் பேர். கடலைத் தூர்த்தும் தீவு கால் பங்குதான் பெரிதானது. ஆகவே, வளர்ச்சியைக் கட்டுக்குள் வைப்பது இங்கே பயணத்தைக் குறைப்பதில்தான் தொடங்குகிறது. 1991-ன் நிலப் பயன்பாட்டுக் கருத்துத் திட்டம் தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ் போன்ற இடங்களில் வட்டார மையங்களை வகுத்து, வேலையை வீட்டருகே கொண்டு போனது. 2018-ல் கார்களின் எண்ணிக்கை இனி வளரவே கூடாது என்று நிறுத்த முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

கம்போங் அட்மிரல்ட்டி கட்டடத்துக்குப் போனால் பயணத்தைக் குறைக்கும் இந்தக் கொள்கை கண்ணுக்குத் தெரியும். அது 2018-ல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மனை ஒரு ஹெக்டேர்கூட இல்லை. தரைத்தளத்தில் திறந்த முற்றம், அதற்கு மேல் உணவங்காடி, அதற்கும் மேல் மருத்துவ நிலையம். உயரே தோட்டம், மூத்தோர் நிலையமும் பாலர் பராமரிப்பு நிலையமும் அடுத்தடுத்து. முதியவர்களுக்கு 104 வீடுகள். ரயில் நிலையம் பக்கத்திலேயே. முழங்கால் வலியுள்ள ஒரு பாட்டி லிஃப்டில் இறங்கிப் பசியாறிவிட்டு, மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு, சாலையே கடக்காமல் வீடு திரும்பிவிடலாம். இவற்றைத் தனித்தனிக் கட்டடங்களாக எழுப்பியிருந்தால் எத்தனை மனை போயிருக்கும்!

நகர நடுவிலும் காற்று திசை மாறிவிட்டது. அலுவலகம் விட்டால் வெறிச்சோடும் ஷென்டன் வே, ஆன்சன் ரோடு வட்டாரத்தில், பழைய அலுவலகக் கட்டடங்களை இடித்து வீடும் ஹோட்டலும் கலந்து கட்டுவோருக்குக் கூடுதல் கட்டடப் பரப்பு தருவதாக 2019-ல் அறிவித்தார்கள். ஒரு காலத்தில் தனியே பிரித்து வைத்ததை, இன்று சலுகை கொடுத்துச் சேர்க்கிறார்கள்.

எனக்குள்ள கவலை வேறு. தஞ்சோங் பகாரில் அன்று துறைமுகத்தில் உழைத்த நம்மவர்கள் பக்கத்திலேயே குடியிருந்தார்கள். இன்று அங்கே 290 மீட்டர் உயரத்தில் குவோகோ டவர் நிற்கிறது: அடியில் ரயில் நிலையம், நடுவில் அலுவலகங்கள், உச்சியில் சொகுசு வீடுகள். கீழ்த்தளத்து உணவுக் கடையில் தட்டு கழுவுபவர் அந்த உச்சியை வாடகைக்குக்கூட நினைத்துப் பார்க்க முடியாது. அவர் தொலைவிலிருந்து வந்து போகிறவராகவே இருந்தால், மிச்சப்படுத்த நினைத்த பயணம் அவர் தலையில் விழுகிறது. அதனால்தான் சற்றுத் தள்ளி டக்ஸ்டனில் நிற்கும் பினக்கிளை நான் பெரிதாக மதிக்கிறேன். 50 மாடி, 1,848 வீடுகள். நகரின் விலையுயர்ந்த மண்ணில் நிற்கும் வீவக வீடுகள் அவை.