ஆணா, பெண்ணா?

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "ஆணா, பெண்ணா?" என்பதே. விடை கிடைத்தவுடன், அக்குழந்தை எப்படி வளர வேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது. இது சரிதானா என்று சற்றுச் சிந்திப்போம்.

பால் வேறு, பாலினம் வேறு. பால் என்பது உடலோடு பிறப்பது. பாலினம் என்பது, "ஆண் இப்படி, பெண் இப்படி" என்று சமூகம் கற்பிப்பது. இரண்டு, மூன்று வயதிலேயே குழந்தை தன்னை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லத் தொடங்குகிறது. பின்னர் சுற்றியுள்ளோரைப் பார்த்து அதற்கேற்ப நடக்கப் பழகுகிறது.

1976-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் படத்தைப் பலருக்குப் போட்டுக் காட்டினர். பெட்டியிலிருந்து திடீரென எழும்பும் பொம்மையைக் கண்டு குழந்தை அழுகிறது. சிலரிடம் அது ஆண் என்றும், சிலரிடம் பெண் என்றும் கூறினர். ஆண் என்று நம்பியவர்களுக்கு அவ்வழுகை பெரும்பாலும் கோபமாகத் தோன்றியது. பெண் என்று நம்பியவர்களுக்கோ பயமாகத் தோன்றியது. குழந்தையும் ஒன்றே, அழுகையும் ஒன்றே!

நம் சோழவந்தானையே எடுத்துக்கொள்வோம். பெண் மெல்லியவள் என்கிறோம். ஆனால் சேற்றில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நடுபவர்கள் பெண்களே. சமையல் பெண்ணின் வேலை என்கிறோம். ஆனால் கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகச் சமைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்களே. ஆகவே, இவ்வேலைகளைப் பிரித்தது இயற்கையன்று, வழக்கமே.

இதனால் இழப்பு இருபாலருக்கும் உண்டு. "பொம்பளைப்பிள்ளை மாதிரி அழாதே" என்று அடக்கப்படும் தம்பி, தன் துயரத்தைச் சொல்லத் தெரியாமலே வளர்கிறான். "உனக்கெதற்குக் கணக்கு?" என்று கேட்கப்படும் தங்கை, முயன்று பாராமலே பின்வாங்குகிறாள்.

மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மையார் பள்ளிக்கூடம் போகாதவர். வயலில் கூலி வேலை செய்தவர். களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்த அவருக்கு 2019-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. படிக்க வைத்திருந்தால் இன்னும் எவ்வளவு செய்திருப்பார்!

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். முளைக்குத் தண்ணீரும் வெயிலும் கிடைத்தால்தானே தெரியும்? எனவே பெற்றோர்களே, மகனிடம் தண்ணீர்க் குடத்தையும், மகளிடம் சைக்கிளையும் தயங்காமல் கொடுங்கள். தோழியரே, பத்தாம் வகுப்பை முடித்துப் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, "பெண்ணுக்கு ஏற்றது எது?" என்று கேளாமல், "என் திறமை எதில்?" என்று நாம் கேட்போமாக!