அப்பத்தாவின் வெள்ளி ரூபாய்: எடைக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை

இந்த எபிசோடை ஒரு தப்பிலிருந்து தொடங்குறேன். தப்பு பண்ணது நான்தான்.

ராசிபுரம் பக்கத்துல எங்க அப்பத்தா வீடு. அவங்க காலமான பிறகு ட்ரங்க் பெட்டியைத் திறந்தப்போ, ஒரு மஞ்சத்துணி முடிச்சுல பதினோரு வெள்ளி ரூபாய் இருந்தது. எல்லாம் கறுத்துப் போயிருந்தது. முதல்ல ஒரு போட்டோ எடுத்தேன். அப்புறம், குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி, விபூதி போட்டு அஞ்சு காசைத் தேய்ச்சேன். பளபளன்னு ஆச்சு. அப்பா அந்த அஞ்சையும் சேலத்துக்கு எடுத்துட்டுப் போய் எடைக்குப் போட்டுட்டார். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன ஊர். செவ்வாய்ப்பேட்டை பக்கம் போனா பட்டறைக்குப் பஞ்சமில்லை. வெள்ளி எந்த உருவத்துல வந்தாலும் அங்கே அது உருக்குற வெள்ளிதான்.

ஒரு வாரம் கழிச்சு போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன். உருகிப்போன அஞ்சுல ஒண்ணுல 1911-னு இருந்தது. அது ஏன் வயித்தெரிச்சல்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

முதல் விலை: வெள்ளி

பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் 1835-லிருந்து ஒரே அளவில் வந்தது. எடை ஒரு தோலா, அதாவது சுமார் 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 91.7 சதவீதம். அப்படின்னா ஒரு காசில் சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம். கணக்குக்காக வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். காசின் உலோக மதிப்பு 1,069 ரூபாய். அன்னைக்கு என்ன ரேட்டோ அதைப் போட்டு நீங்களே பெருக்கிப் பார்க்கலாம்.

ஆனா எல்லா ராஜா தலைக் காசும் இப்படி இல்லை. இரண்டாம் உலகப்போர் காலத்துல, 1940-ல், வெள்ளியைப் பாதியாகக் குறைச்சுட்டாங்க. ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 1940-க்குப் பிறகு 1945 வரைக்கும் வந்த ரூபாய்களில் 50 சதவீதம்தான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதே ரேட்டில் அதன் மதிப்பு 583 ரூபாய்தான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, முழுக்க நிக்கல். காந்தத்தை வெச்சா ஒட்டிக்கும். வெள்ளி ஒட்டாது.

இரண்டாவது விலை: எத்தனை மிச்சம் இருக்கு

"ரொம்பப் பழசு, அதனால ரொம்ப விலை." இது பலருக்கும் இருக்கிற நம்பிக்கை. உண்மை அப்படி இல்லை. விக்டோரியா ராணி தலை போட்ட 1862 ரூபாயை எடுத்துக்குங்க. அந்த ஆண்டை மாற்றாமலேயே 1874 வரை அச்சடிச்சாங்க. அதனால 1862 காசு ஏராளம். வயசு நூத்தி அறுபதைத் தாண்டியிருந்தும் சாதாரண நிலையில் இருந்தா பெரிய விலை கிடையாது.

ஐந்தாம் ஜார்ஜின் 1918, 1919 ரூபாய்களும் அப்படித்தான். அதுக்குப் பின்னாடி ஒரு நல்ல கதை இருக்கு. முதல் உலகப்போர் நேரத்துல இங்கே ஜனங்க நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்க ஆரம்பிச்சாங்க. கையிருப்பு வெள்ளி வேகமா கரைஞ்சது. அப்போ பிரிட்டனுக்குக் கைகொடுத்தது அமெரிக்கா. 1918-ல் பிட்மன் சட்டம்னு ஒண்ணு போட்டு, 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினாங்க. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. உங்க வீட்டு 1919 ரூபாயில் இருக்கிற வெள்ளி ஒரு காலத்துல அமெரிக்க டாலராக இருந்திருக்கலாம்.

இப்போ 1911-க்கு வருவோம். ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாயில், ராஜா அங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். அதன் தும்பிக்கை குட்டையா, பார்க்கப் பன்றி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு கிளம்பியது. அச்சடிச்சது சுமார் 94 லட்சம். வெளியே போனது சுமார் 7 லட்சம். மீதியை உருக்கிட்டாங்க. 1912-லிருந்து யானையைத் திருத்தி அச்சடிச்சாங்க. சேகரிப்பவர்கள் 1911-ஐப் ‘பன்றி ரூபாய்’னு சொல்லித் தேடுவாங்க. அரசாங்கம் உருக்காம விட்ட ஒண்ணை நாங்க உருக்கிட்டோம்.

மூன்றாவது விலை: காசின் நிலை

ஒரே ஆண்டு, ஒரே ராஜா, ஆனா ரெண்டு காசுக்கு ரெண்டு விலை. காரணம் கிரேடிங். 1940-களின் கடைசியில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செம்புக் காசுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். இன்னைக்கு உலகம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருக்கு.

இதுல பேர்களை நம்பி ஏமாறாதீங்க. ‘குட்’னா நல்ல காசு இல்லை, தேய்ஞ்சு உருவம் மட்டும் தெரியற காசு. ‘ஃபைன்’ நடுத்தரம். ‘வெரி ஃபைன்’, ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’ ரெண்டும் அதுக்கு மேலே. புழக்கத்துக்கே போகாததுதான் ‘அன்சர்குலேட்டட்’. அது 60-ல் தொடங்கும்.

எங்கே பார்க்கணும்? காசில் மேடான இடம்தான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ்னா கிரீடத்தின் மணிகள், காது, அங்கியில் இருக்கிற யானை. யானை முழுசா, வரி வரியா தெரிஞ்சா நல்ல நிலை. விக்டோரியான்னா தலைமுடி இழைகள், கிரீடம், உடையின் வேலைப்பாடு. அப்புறம் காசை விளக்குக்குக் கீழே மெதுவாகத் திருப்புங்க. புழங்காத காசில் ஒளி சக்கரம் மாதிரி சுற்றி ஓடும். அது அச்சு விழுந்தப்போ உண்டான மினுமினுப்பு. ஒருமுறை தேய்ச்சுட்டா திரும்ப வராது.

நான் விபூதி போட்டுத் தேய்ச்சது இதைத்தான். கறுப்பு அழுக்கு இல்லை. வெள்ளி காத்தோடு சேர்ந்து காலப்போக்கில் பூசிக்கிட்ட படலம். எலுமிச்சை, புளி, டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கின காசு, பார்க்கிறவருக்கு உடனே தெரியும், விலையும் இறங்கும். கழுத்துமாலைக்காக வளையம் பற்ற வெச்ச காசு, சோதிக்கக் கீறின காசு எல்லாம் அப்படித்தான்.

ஏமாறாம இருக்க

நகைக்கடைத் தராசில் எடை போடுங்க. நல்ல காசு 11.66 கிராமை ஒட்டி நிற்கும். ரொம்பக் குறைஞ்சா சந்தேகப்படுங்க. 1818-னு ஆண்டு போட்டு அனுமார், ராமர் பட்டாபிஷேகம் இருக்கிற ‘கம்பெனி காசு’ கோயில் டோக்கன்தான். அதைக் கம்பெனி வெளியிடலை. "உங்க பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தர்றோம், முதல்ல கமிஷன் கட்டுங்க"ன்னு போன் வந்தா வெச்சுடுங்க. ரிசர்வ் வங்கி தன் பேரைச் சொல்லி இப்படி நடக்கிற மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிச்சிருக்கு. இன்னொண்ணு, நூறு வருஷம் தாண்டின நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சரி, எங்க வீட்டுல மிச்சம் ஆறு காசு. அப்பா, ரெண்டு அத்தைகள், ஆளுக்கு ரெண்டு. எடை பார்த்தா சமம். ஆனா ரெண்டு 1862, ரெண்டு 1919, ஒண்ணு 1944, ஒண்ணு வளையம் வெச்ச 1907. விலையில சமமே இல்லை. உட்கார்ந்து, ஒவ்வொண்ணையும் லென்ஸ் வெச்சுப் பார்த்து, எழுதி வெச்சு, அப்புறம் பிரிச்சோம். 1907 காசுக்கு விலை கம்மின்னு சொன்னேன். பெரிய அத்தை, "அது எங்கம்மா கழுத்துல கிடந்ததுடா, எனக்கு அதைக் குடு"ன்னு வாங்கிக்கிட்டாங்க. அதுக்கு எந்த அளவுகோல்லயும் நம்பர் இல்லை.

உங்க வீட்டு முடிச்சு இன்னும் அவிழ்க்காம இருந்தா, காசின் ஓரத்தைப் பிடிச்சு எடுங்க, ஆண்டைப் படிங்க, போட்டோ எடுங்க. தேய்க்காதீங்க. பட்டறைக்குப் போறது அதுக்கப்புறம். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.