பேரன் சொன்னால் பாடும்... பாட்டி சொன்னால் முழிக்கும்! - ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கியவர்கள் சொல்வது என்ன?

பண்டிகைக்கால ஆஃபரில் வாங்கியது, கல்யாண நாளுக்குப் பரிசாக வந்தது, வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிவைத்தது... ஏதோ ஒரு வழியில் ஸ்மார்ட் ஸ்பீக்கர் இன்று பல வீடுகளின் ஹாலுக்குள் நுழைந்துவிட்டது. அயனம்பாக்கம் போன்ற புறநகரில் இதன் அருமையும் அவஸ்தையும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். ஒரு பக்கம் ஏரியும் பழைய தெருக்களும், இன்னொரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஐ.டி அலுவலகங்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள். தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடுகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

அந்த மூன்று தலைமுறையில் இரண்டு தலைமுறையின் பேச்சைத்தான் இந்தப் பெட்டி கேட்கிறது. ஆங்கிலம் கலந்து பேசும் மகனுக்கும் பேரனுக்கும் உடனே பதில் சொல்கிறது. நாள் முழுக்க வீட்டில் இருப்பவர், பேச்சுத்துணை வேண்டியவர், ரிமோட்டையும் செல்போனையும் கையாளச் சிரமப்படுபவர் பாட்டிதான். அவர் தமிழில் ஏதாவது கேட்டால், 'புரியவில்லை' என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கிறது.

சத்தம், செட்டிங், குரல் கட்டளை ஆகிய மூன்றைப் பற்றியும் வாங்கியவர்கள் பொதுவாகச் சொல்லும் நிறைகுறைகளைப் பார்க்கலாம்.

சத்தம் எப்படி இருக்கிறது?

சின்ன மாடல்களைப் பற்றி வரும் முதல் பாராட்டு, 'இவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து இவ்வளவு சத்தமா!' என்பதுதான். கொஞ்ச நாளில் அதே வீட்டில் ஒரு குறையும் எழும். பேச்சும் பாடகர் குரலும் தெளிவாகக் கேட்கின்றன, ஆனால் தவிலும் மிருதங்கமும் 'டொக் டொக்' என்று தட்டையாக ஒலிக்கின்றன என்பார்கள்.

காரணம் எளிமையானது. அடித்தொனி, அதாவது 'பேஸ்' நன்றாகக் கேட்க, ஸ்பீக்கரின் கூம்பு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்கு அளவு வேண்டும். கூகுள் நெஸ்ட் மினிக்குள் இருப்பது 40 மில்லிமீட்டர் ஸ்பீக்கர். ஐந்தாம் தலைமுறை எக்கோ டாட்டில் இருப்பது 1.73 அங்குலம். நான்காம் தலைமுறை எக்கோவில் 3 அங்குல வூஃபருடன் இரண்டு சின்ன ட்வீட்டர்களும் உண்டு. அதன் அண்ணனான முதல் தலைமுறை எக்கோ ஸ்டுடியோவில் 5.25 அங்குல வூஃபர். அளவு கூடக் கூட பேஸும் கூடும், விலையும் கூடும்.

சமையலறையில் செய்தி, பாட்டு, அலாரம் கேட்கச் சின்ன மாடலே போதும். ஹாலில் உட்கார்ந்து இசையை ரசித்துக் கேட்பவருக்கு அது ஏமாற்றம் தரும். பழைய ஹோம் தியேட்டர் சும்மா கிடக்கிறது என்றால், ஸ்மார்ட் ஸ்பீக்கரை அதனுடன் ப்ளூடூத் வழியாக இணைக்கலாம். வயர் வழியாக இணைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்றாம், நான்காம் தலைமுறை எக்கோ டாட்டில் இருந்த 3.5 மில்லிமீட்டர் ஜாக் ஐந்தாம் தலைமுறையில் இல்லை.

வைக்கும் இடமும் முக்கியம். சுவரை ஒட்டியோ மூலையிலோ வைத்தால் பேஸ் சற்றுக் கூடும். ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவே வைத்தால் சத்தமும் அடைபடும், மைக்குக்கும் நம் பேச்சு சரியாக எட்டாது. மிக்ஸி, குக்கர் விசில், எக்ஸாஸ்ட் ஃபேன் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு 'கூப்பிட்டால் கேட்கவே மாட்டேன் என்கிறது' என்று கோபப்படுவதில் பயனில்லை.

செட்டிங் சுலபமா?

செல்போன் ஆப்களோடு பழகியவருக்குச் சில நிமிட வேலை. அலெக்ஸா ஆப் அல்லது கூகுள் ஹோம் ஆப்பைத் தரவிறக்கி, அக்கவுன்ட்டில் நுழைந்து, வைஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

பல வீடுகளில் ரவுட்டர் வாசல் பக்கம் இருக்கும், ஸ்பீக்கர் உள்ளறையில் இருக்கும். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர்கள். ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டும்போது வலுவிழக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அதைவிட நன்றாகச் சுவர் தாண்டும். உள்ளறையில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், ஸ்பீக்கரை 2.4 இணைப்புக்கு மாற்றிப் பார்க்கலாம். மின்விளக்கு, மோட்டார் போன்றவற்றை இயக்க வாங்கும் ஸ்மார்ட் ப்ளக்குகளில் பெரும்பாலானவை 2.4-ல் மட்டுமே வேலை செய்யும்.

இன்னொரு பிரச்னை, அக்கவுன்ட் யார் பெயரில் என்பது. மகனின் செல்போனில் செட் செய்துவிட்டு அவர் வெளியூர் போய்விட்டால், வைஃபை பாஸ்வேர்டு மாறும் நாளில் வீட்டில் இருப்பவர்கள் தவிப்பார்கள். வீட்டிலேயே இருக்கும் ஒருவரின் செல்போனிலும் ஆப்பைப் போட்டுவைப்பது நல்லது.

மின்சாரமும் இணையமும் இருக்கும்வரைதான் இந்தப் பெட்டிக்கு அறிவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் பல பகுதிகள் மின்சாரமும் செல்போன் சிக்னலும் இல்லாமல் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் பேட்டரி போட்ட சாதாரண ரேடியோவே செய்தி சொல்லும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் ஸ்பீக்கரை மட்டும் அதில் இணைத்தால் போதாது, ரவுட்டரையும் இணைக்க வேண்டும்.

தமிழில் சொன்னால் ஏன் கேட்பதில்லை?

அமேசான் எக்கோ இந்தியாவுக்கு வந்தது 2017-ன் கடைசியில். கூகுள் ஹோம் 2018 ஏப்ரலில் வந்தது. அலெக்ஸா 2019 செப்டம்பரில் இந்தி கற்றுக்கொண்டது. தமிழ் பேசும் வீடுகள் இன்னும் காத்திருக்கின்றன. இந்திய மொழிகளில் இந்த ஸ்பீக்கர்களோடு உரையாட இந்திதான் வழி. இல்லையென்றால் ஆங்கிலம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமேசான் தன் கருவிகளை இந்தியாவில் தயாரிக்கப்போவதாக 2021 பிப்ரவரியில் அறிவித்தபோது, தேர்ந்தெடுத்த ஊர் சென்னை. ஃபாக்ஸ்கான் குழுமத்தின் கிளவுட் நெட்வொர்க் டெக்னாலஜி நிறுவனம் மூலம் அலெக்ஸா வசதி கொண்ட ஃபயர் டி.வி ஸ்டிக்கை இங்கே தயாரிப்பது திட்டம். கருவி செய்யத் தமிழ்நாட்டுக் கைகள் வேண்டும், அந்தக் கருவிக்குத் தமிழ் மட்டும் தெரியாது!

அதனால்தான் இந்த ஸ்பீக்கர்களிடம் பேச தனி 'தங்கிலீஷ்' ஒன்று உருவாகியிருக்கிறது. 'ப்ளே இளையராஜா சாங்ஸ்' என்றால் பாடுகிறது. அதையே 'இளையராஜா பாட்டு போடும்மா' என்றால் தடுமாறுகிறது. பாட்டின் முதல் வரியைச் சொன்னால், ஆங்கிலம் கேட்கப் பழகிய காது அதை நெருக்கமான ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பாட்டைப் போடுகிறது. படத்தின் பெயரையும் இசையமைப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்வது ஓரளவு கைகொடுக்கும். ஊர்ப் பெயருக்கும் இதே கதிதான். அடிக்கடி மழை நிலவரம் கேட்பவர்கள், ஆப்பில் வீட்டு முகவரியையும் பின்கோடையும் சரியாகப் பதிந்துவிட்டால் ஊர்ப் பெயரைச் சொல்லவே தேவையில்லை.

தமிழைக் கற்றுக்கொடுப்பது கடினமா? கொஞ்சம் கடினம்தான். எழுதும்போது 'வந்துகொண்டிருக்கிறேன்' என்கிறோம். பேசும்போது அது ஊருக்கு ஊர் 'வந்துட்டிருக்கேன்', 'வந்துக்கிட்டிருக்கேன்', 'வந்துண்டிருக்கேன்' என்று மாறும். புத்தகத் தமிழ் மட்டும் படித்த இயந்திரத்துக்கு வீட்டுத் தமிழ் விளங்காது. பல மாவட்டங்கள், பல வயதினர் பேசிய குரல் பதிவுகள் ஏராளமாகத் தேவை. சென்னை ஐ.ஐ.டி-யில் இயங்கும் 'ஏஐ4பாரத்' குழு, தமிழ் உட்பட இந்திய மொழிகளின் குரல் பதிவுகளைத் திரட்டி, யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டுவருகிறது. மத்திய அரசின் 'பாஷினி' திட்டமும் இதே துறையில் இயங்குகிறது.

செல்போனில் நிலைமை பரவாயில்லை. கூகுள் அசிஸ்டன்ட் செல்போனில் தமிழ் பேசி சில ஆண்டுகள் ஆகின்றன. கூகுளின் ஜெமினி லைவ் வசதிக்குத் தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகள் வருவதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. செல்போனுக்குள் வந்த தமிழ், ஹாலில் இருக்கும் ஸ்பீக்கருக்குத்தான் இன்னும் வரவில்லை.

பாட்டிக்கும் பாட வைக்க என்ன வழி?

அதுவரை என்ன செய்வது? ஆப்பில் 'ரொட்டீன்' என்றொரு வசதி இருக்கிறது. பலரும் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பெரியவர்களுக்கு அதுதான் உண்மையான உதவி.

- நேரம் வைத்து: காலை 6 மணிக்குப் பக்திப் பாடல், இரவு 8 மணிக்கு மாத்திரை நினைவூட்டல் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் தினமும் தானாக நடக்கும். யாரும் எதுவும் பேசத் தேவையில்லை.

- ஒற்றைச் சொல் வைத்து: நீளமான ஆங்கிலக் கட்டளைக்குப் பதில், 'ரேடியோ', 'குட்நைட்' என்று பாட்டிக்கு ஏற்கெனவே பழகிய ஒரு சொல்லைக் கட்டளையாகப் பதியலாம். அவர் எப்படி உச்சரிக்கிறாரோ, அப்படியே சில முறை சொல்லவைத்துச் சோதித்துவிட வேண்டும்.

- வானொலி: அகில இந்திய வானொலியின் மாநில மொழி ஒலிபரப்புகள் 2019 முதல் அலெக்ஸாவில் கிடைக்கின்றன. பெட்டி தமிழ் பேசாவிட்டாலும் தமிழ் கேட்க இது ஒரு வழி.

- பெயர்கள்: விளக்கு, ஃபேன், ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு ஆப்பில் சின்னதாக, ஒன்றோடொன்று குழம்பாத பெயர்களை வைக்க வேண்டும். 'ஹால் லைட்', 'ஹால் லைட் டூ' என்று வைத்தால் பெட்டியும் குழம்பும், வீடும் குழம்பும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தனியாக இருக்கும் பெற்றோருக்குப் பாதுகாப்பு என்று நினைத்து இதை வாங்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளோடு அலெக்ஸா வழியாகப் பேசிக்கொள்ள முடியும் என்பது உண்மை. ஆனால் 108, 112 போன்ற அவசர எண்களை அழைக்க இந்த ஸ்பீக்கரை நம்பக் கூடாது. அவசரத்தில் பதற்றமாக வரும் தமிழ் வார்த்தை அதற்குப் புரியப்போவதும் இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு செல்போன், அதில் ஒரே பட்டனில் போகும் அழைப்பு, பக்கத்து வீட்டாரின் எண் ஆகிய மூன்றுக்கும் இது மாற்று அல்ல.

எப்போதும் ஒட்டுக்கேட்கிறதா?

எல்லா வீடுகளிலும் எழும் சந்தேகம் இது. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்பதை மட்டும் பெட்டி தனக்குள்ளேயே கவனித்துக்கொண்டிருக்கும். பெயரைக் கேட்டதும் விழித்து, அதன் பிறகு பேசுவதை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். சிக்கல் என்னவென்றால், டி.வி-யில் யாராவது 'அலெக்ஸா' என்றாலும், அதுபோல ஒலிக்கும் சொல் காதில் விழுந்தாலும் விழித்துக்கொள்ளும். 2017-ல் அமெரிக்காவில் ஒரு சிறுமி அலெக்ஸாவிடம் பேசி பொம்மை வீடு வாங்கிய கதையை டி.வி செய்தி வாசிப்பாளர் சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் வீட்டு எக்கோக்களும் பொம்மை வீடு ஆர்டர் செய்ய முயன்றன!

2023 மே மாதம், குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக எழுந்த வழக்கில் அமேசான் 2.5 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. குழந்தைகள் இருக்கும் வீடுகள் மறக்காமல் செய்ய வேண்டிய நான்கு வேலைகள்:

- ஆப்பில் குரல்வழி ஷாப்பிங்கை நிறுத்துங்கள், அல்லது அதற்கு பின் நம்பர் வையுங்கள்.

- பழைய குரல் பதிவுகள் 3 மாதத்தில் தானாக அழியும்படி மாற்றுங்கள்.

- வீட்டுப் பிரச்னை பேசும்போது மைக்கை அணைத்துவிடுங்கள். எக்கோவில் சிவப்பு விளக்கும், நெஸ்ட் மினியில் ஆரஞ்சு விளக்கும் எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம்.

- டி.வி சத்தத்துக்கு அடிக்கடி விழித்தால், கூப்பிடும் பெயரை 'அலெக்ஸா'விலிருந்து 'எக்கோ' என்றோ 'கம்ப்யூட்டர்' என்றோ மாற்றுங்கள்.

வாங்கலாமா, வேண்டாமா?

யாருக்காக வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்கள், நல்ல வைஃபை, பாட்டுக்கான சந்தா ஆகிய மூன்றும் உள்ள வீட்டில் இது நன்றாக உழைக்கும். சந்தா இல்லாவிட்டால், கேட்ட பாட்டுக்குப் பதில் வேறு பாட்டும் நடுவில் விளம்பரமும் வரலாம்.

பெரியவர்கள் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் என்றால், பட்டனைத் திருகினால் பாடும் கருவியே போதும். சரிகம நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த 'கார்வான்' அப்படித்தான் வீடுகளைப் பிடித்தது. தமிழ்ப் பதிப்பும் உண்டு. உள்ளேயே பதிந்த பழைய பாடல்கள், எஃப்.எம், பேட்டரி எல்லாம் இருப்பதால் வைஃபையும் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம்.

ஏற்கெனவே ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு ரொட்டீன் அமைத்துக் கொடுங்கள். அப்படியே ஆப்பில் இருக்கும் 'ஃபீட்பேக்' பகுதிக்குப் போய், 'தமிழ் வேண்டும்' என்று எழுதிப்போடுங்கள். இந்தி பேசும் வீடுகளுக்கு 2019-லேயே கிடைத்ததை நம் வீடுகளும் கேட்பதில் தவறில்லை.

பெட்டி தமிழ் கற்றுக்கொள்ளும் நாள் வரை, பாட்டி கேட்கும் பாட்டைப் போட்டுக் கொடுக்கும் வேலை பேரனுடையது.