கதையிலிருந்து அடுக்களைக்கு: ‘அத்திரிபாச்சா கொழுக்கட்டை’க் கதையும் பண்ட மீளாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

சிறார் கதைகளில் இடம்பெறும் இனிப்புப் பண்டங்களை வீட்டில் செய்து பார்ப்பது பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. அச்செயல் கதையை வாசிக்கும் முறைகளுள் ஒன்றாகவும் அமையும் என்பதை ‘அத்திரிபாச்சா கொழுக்கட்டை’ என்னும் நாட்டார் கதையின்வழி இக்கட்டுரை விளக்குகிறது. பண்டத்தின் வடிவம், செய்முறை, பெயர் ஆகியவை கதையமைப்போடு கொண்டுள்ள உறவும், கதையின் நகைச்சுவைக்குள் மறைந்திருக்கும் வன்முறையைச் சிறாரிடம் எடுத்துச் செல்லும் முறையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறார் கதை, நாட்டார் கதை, கொழுக்கட்டை, பண்ட மீளாக்கம், இல்லற வன்முறை

முன்னுரை

கதையில் வரும் பண்டத்தை உண்டு பார்க்க விரும்புவது சிறாரின் இயல்பு. ஆங்கிலச் சிறார் இலக்கியத்தில் இவ்விருப்பம் தனி நூல்களாகவே வடிவம் பெற்றுள்ளது. லாரா இங்கல்ஸ் வைல்டரின் கதைகளில் வரும் உணவுகளுக்குப் பார்பரா எம். வாக்கர் 1979இல் செய்முறை நூல் ஒன்றை வெளியிட்டார். ரோல்ட் டாலின் கதைகளில் வரும் பண்டங்களுக்கான நூல் 1994இல் வெளிவந்தது.

தமிழ்ச் சூழலில் கதைப் பண்டம் சடங்கின் வழியாகவும் உயிர்பெற்று வந்துள்ளது. மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடல் ஆண்டுதோறும் நிகழ்த்திக் காட்டப்படுகிறது. வந்தி என்னும் முதியவள் உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடுத்த கதையை அவ்விழாவில் மக்கள் கண்ணாலும் நாவாலும் அறிகின்றனர். இவ்வகையில் கதைப் பண்டத்தை மீண்டும் ஆக்குதல் தமிழர்க்குப் புதிதன்று.

மீளாக்கம் என்னும் விளக்கம்

கதை பண்டத்தின் பெயரைத் தரும். அளவையும் பக்குவத்தையும் பெரும்பாலும் தருவதில்லை. அவ்விடைவெளியை நிரப்புவோர் தம்மை அறியாமலே உரையாசிரியர் ஆகின்றனர். கிரிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுப்பில் ஹான்சலும் கிரேட்டலும் காணும் வீடு ரொட்டியால் கட்டப்பட்டு, கேக்கால் வேயப்பட்டு, சர்க்கரையால் ஆன சன்னல்களைக் கொண்டது. இன்று அக்கதையின் பெயரால் வீடுகளில் செய்யப்படுவதோ இஞ்சியும் நறுமணப் பொருள்களும் சேர்ந்த மாப்பண்ட வீடு. செய்வோரின் வழக்கம் கதையின் சொல்லை மாற்றிவிட்டது. எனவே ஒரு பண்டத்தை மீளாக்கும்போது, கதை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினா தவிர்க்க இயலாததாகிறது. இவ்வினாவைத் தமிழ்க் கதை ஒன்றிடம் எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையும் அதன் வகைமையும்

மாமியார் வீட்டுக்குச் சென்ற மருமகன் அங்கு உண்ட பண்டத்தின் சுவையில் மயங்கி, அதன் பெயரைக் கேட்டறிகிறான். ஊர் திரும்பும் வழியெல்லாம் மறவாதிருக்க ‘கொழுக்கட்டை, கொழுக்கட்டை’ என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். இடையில் ஒரு வாய்க்காலையோ பள்ளத்தையோ தாண்டும்போது ‘அத்திரிபாச்சா’ என்று கூவிக் குதிக்கிறான். அதுமுதல் அச்சொல்லே அவன் நாவில் தங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் ‘அத்திரிபாச்சா’ செய்துதரச் சொல்கிறான். அவளுக்கு அது விளங்கவில்லை. சினந்து அடிக்கிறான். அடிபட்ட இடம் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டதே என்று கண்டவர் ஒருவர் இரங்கிக் கூற, ‘அதுதான் நான் கேட்டது’ என்று அவன் மகிழ்கிறான். சொல்பவருக்கும் வட்டாரத்துக்கும் ஏற்பச் சிறு வேறுபாடுகள் இருப்பினும் கதையின் கட்டமைப்பு இதுவே.

நாட்டார் கதைகளுக்கான ஆர்னே, தாம்சன், ஊத்தர் வகைப்பாட்டில் ‘மறந்த சொல்’ என்னும் பொருளில் 1687ஆம் எண்ணுள்ள கதை வகை ஒன்று உண்டு. ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் செல்லும் பேதை, தடுக்கி விழுந்தோ தாண்டிக் குதித்தோ அதனை மறப்பது இவ்வகையின் அடிப்படை. கொழுக்கட்டைக் கதை இவ்வகையோடு பொருந்துகிறது. எனினும் மறந்த சொல் மீளும் வழி தமிழ்க் கதையில் ஓர் உவமையாக இருப்பதும், அவ்வுவமை ஒரு பெண்ணின் காயத்தின் மேல் அமைவதும் தனித்து நோக்கத்தக்கன.

எந்தக் கொழுக்கட்டை?

இக்கதையின் பண்டத்தைச் செய்ய முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இது. பூரணக் கொழுக்கட்டை, பிடிகொழுக்கட்டை, பால் கொழுக்கட்டை, அம்மிணிக் கொழுக்கட்டை எனப் பல வகைகள் வழக்கில் உள்ளன. பூரணமும் தேங்காய், எள், பருப்பு என வேறுபடும். யாழ்ப்பாணத்தில் வறுத்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்ந்த உள்ளீடு பெருவழக்கு.

கதை வகையைக் கூறவில்லை; ஆனால் உவமை ஒரு குறிப்பைத் தருகிறது. வீக்கத்துக்கு ஒப்பாக வேண்டுமெனில் பண்டம் வழவழப்பாகவும் திரண்டும் மேல் எழும்பியும் இருத்தல் வேண்டும். விரற்பதிவுகள் கொண்ட பிடிகொழுக்கட்டையும், பாலில் மிதக்கும் சிற்றுருண்டைகளும் இதற்கு அத்துணைப் பொருந்தா. ஆகவே பூரணக் கொழுக்கட்டையே கதையின் உவமைக்கு நெருங்கியது எனக் கொள்ள இடமுண்டு. கொழுக்கட்டை என்னும் பெயரைக் கொழுத்தல் என்பதனோடு இணைத்துக் காணின், திரட்சிப் பொருள் பெயருக்குள்ளேயே அடங்கியிருப்பது புலப்படும்.

பண்டத்தை உடலுறுப்போடு ஒப்பிடும் வழக்கு இக்கதைக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்தில் குழந்தைக்குப் பல் முளைக்கும்போது தேங்காய்ச் சொட்டைப் பல்லாகப் பதித்துச் செய்யும் பல்லுக்கொழுக்கட்டை, வளரும் உடலைக் கொண்டாடுகிறது. நாட்டார் கதையிலோ அதே ஒப்புமை அடிபட்ட உடலின் மேல் அமைகிறது.

செய்முறை அறிவு யாரிடம் உள்ளது?

பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, இடித்துச் சலித்து மாவு எடுத்தல் பழைய முறை. ஒரு பங்கு மாவுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் பங்கு நீர் தேவைப்படும். மாவின் பழமைக்கு ஏற்ப இது கூடும், குறையும். கொதிநீரில் சிறிது உப்பும் எண்ணெயும் சேர்த்து மாவைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைய வேண்டும். கோதுமை மாவைப் போல அரிசி மாவில் பசையம் இல்லை. ஆதலால் குளிர்நீரில் பிசைந்தால் மேல்மாவைச் சொப்பாக்க இயலாது, விரிந்துவிடும். கொதிநீரின் வெப்பத்தில் மாவுச்சத்து நீரை உறிஞ்சிப் பசைத்தன்மை அடைவதே அதனை இணைத்துப் பிடிக்கிறது. பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடாவிடில் காய்ந்து வெடிக்கும். வெல்லப்பாகு இளகியிருந்தால் பூரணம் கசியும், முற்றினால் இறுகும்.

இந்நுட்பம் தொன்மையானது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாகும் உள்ளீடும் சேர்த்துப் பிடித்த மோதகத்தையும், அதனை விற்ற கூவியர் இரவில் உறங்குவதையும் காட்டுகிறது. அங்குப் பண்டத்தோடு அதனைச் செய்தவரின் களைப்பும் பதிவாகியுள்ளது. கொழுக்கட்டைக் கதையில் அவ்வாறில்லை. மாமியாரின் உழைப்பு ஒரு தட்டுப் பண்டமாக மட்டும் தோன்றி மறைகிறது. கணவனுக்குத் தெரிந்தது சுவை ஒன்றே. மனைவிக்கோ செய்முறை முழுவதும் தெரியும்; அவளுக்குக் கிட்டாதது பெயர் மட்டுமே. அறியாதவன் அறிந்தவளை அறியாமைக்காகத் தண்டிப்பதே கதையின் முரண்.

அடியை நீக்கலாமா?

சிறாருக்கு இக்கதையைச் சொல்லும் ஆசிரியரும் பெற்றோரும் ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். அடியை அப்படியே சொன்னால், மனைவியை அடித்தல் சிரிப்புக்குரிய செயலாகக் குழந்தையின் மனத்தில் பதியக்கூடும். அடியை நீக்கினால் வீக்கம் இல்லை. வீக்கம் இன்றேல் உவமை இல்லை. உவமை இன்றேல் பெயர் மீள வழியில்லை. வன்முறை இக்கதையின் முடிச்சை அவிழ்க்கும் கருவியாகவே அமைந்துவிட்டது. எனவே மேலோட்டமான நீக்கம் கதையைச் சிதைக்கும். வாளாவிருத்தலோ தீங்கைக் கடத்தும்.

பண்ட மீளாக்கம் இங்கு ஒரு வழியைக் காட்டுகிறது. கணவன் இறுதிவரை பண்டத்தின் பெயரை மட்டுமே வற்புறுத்துகிறான்; அது எப்படி இருந்தது என்று ஒருமுறையும் விவரிக்கவில்லை. ‘மேலே வெள்ளையாக இருந்தது, உள்ளே இனிப்பு இருந்தது, ஆவியில் வெந்தது’ என்று மூன்று குறிப்புகள் தந்திருப்பின் மனைவி அக்கணமே கண்டறிந்திருப்பாள். தமிழ்ச் சிறார் நன்கறிந்த விடுகதையின் அமைப்பும் இதுவே: பெயரை மறைத்து, பண்புகளைக் கூறி, பொருளைக் கண்டறியச் செய்தல்.

ஆகவே அடுக்களையில் கதையை நிகழ்த்தும்போது, கணவனாக நடிக்கும் சிறுவன் பெயரைச் சொல்லாமல் பண்டத்தை விவரிக்க வேண்டும். மற்றவர் கண்டறிய வேண்டும். பின்னர் அவனும் மாவு பிசைந்து சொப்புச் செய்ய வேண்டும் என அமைக்கலாம். அப்போது பெயர் காயத்தின் வழியாக அன்றி உரையாடலின் வழியாக மீள்கிறது. மூலக்கதையையும் மறைக்க வேண்டியதில்லை. ‘அவன் ஏன் விவரிக்கவில்லை?’ என்னும் வினாவோடு அதனைச் சொன்னால், சிரிப்பு மனைவியின் வீக்கத்தின் மேல் விழாமல் கணவனின் பேதைமை மேல் விழும். முதற் சொப்பு விரிந்துபோகும்போது, எளிதென எண்ணிய பண்டத்துக்குள் இருக்கும் உழைப்பைச் சிறுவனின் கையே உணர்ந்துகொள்ளும்.

முடிவுரை

கதைப் பண்டத்தை வீட்டில் ஆக்குதல், கதை கூறாமல் விட்டவற்றை நிரப்பும் விளக்கச் செயல் என்பது இக்கட்டுரையால் பெறப்படுகிறது. எந்தக் கொழுக்கட்டை என்னும் வினா உவமையின் இயல்பை வெளிப்படுத்துகிறது. எவ்வாறு செய்வது என்னும் வினா, கதையில் மறைந்த பெண்களின் அறிவை முன்னிறுத்துகிறது. பெயர் எவ்வாறு மீண்டது என்னும் வினா, நகைச்சுவையின் விலையை யார் கொடுத்தார் என்பதைக் காட்டுகிறது. நாட்டார் கதைகளைக் கல்விக்களத்தில் பயன்படுத்துவோர், அவற்றை அப்படியே ஏற்பதற்கும் அடியோடு விலக்குவதற்கும் இடைப்பட்ட வழியாகப் பண்ட மீளாக்கத்தைக் கைக்கொள்ளலாம். வட்டாரந்தோறும் இக்கதையைச் சொல்வோரிடம் கதையோடு அவர்தம் கொழுக்கட்டைச் செய்முறையையும் சேர்த்துத் தொகுப்பது அடுத்த நிலை ஆய்வுக்குரிய பணியாகும்.